ஈயம் வைத்தும் அடங்காத ஆட்டம்

லாரி, வேன் வாசகர்களின் கேள்விகளுக்குப் பட்டறைப் பக்கம் தரும் பதில்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டி நடுக்கம் பற்றியவை, அதுவும் தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. எனவே இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

மண்டபத்திலிருந்து மீன் லோடு ஏற்றி மதுரைக்கு ஓடுகிறேன். ஆறு சக்கர வண்டி, 295/90 ஆர் 20 டயர். 65-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குது, 80-க்கு மேல் போனால் கொஞ்சம் அடங்குது. மதுரையில் ரெண்டு தடவை முன்சக்கரம் பேலன்சிங் பண்ணியாச்சு. பத்து நாள் நல்லா ஓடுது, அப்புறம் பழையபடி ஆட்டம். டயர் போட்டு நாலு மாசம்தான் ஆகுது. டயரை மாத்தணுமா? (வாசகர், மண்டபம்)

டயருக்குக் காசு எடுத்து வைக்காதீர்கள். டயரே கோளாறு என்றால் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது) முடித்து வெளியே வந்த அன்றைக்கே ஆட்டம் இருந்திருக்கும். பத்து நாள் நன்றாக ஓடிவிட்டுக் கெடுகிறது என்றால், அந்தப் பத்து நாளில் சக்கரத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது, அல்லது ஏதோ கழன்று விழுந்திருக்கிறது.

மீன் இறங்குதளத்தில் ஈர மணலில் வண்டி நிற்கிறது. மேலே பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ஒழுகுகிறது. இரண்டும் சேர்ந்து டிஸ்க்கின் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரத்தின்) உள்பக்கக் குழிவில் அப்பிக்கொண்டு, காய்ந்ததும் பூச்சுவேலை மாதிரி இறுகிவிடும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. அந்த மண்ணோடு சக்கரத்தை மெஷினில் ஏற்றினால், மெஷின் மண்ணையும் சேர்த்தே எடை பார்த்து எதிர்ப்பக்கம் ஈயக்கட்டி வைக்கச் சொல்லும். பிறகு ஏதாவது ஒரு பள்ளத்தில் அந்த மண்கட்டி உதிர்ந்துவிடும். ஈயம் மட்டும் மிஞ்சும். இப்போது ஆட்டத்தைக் கொடுப்பது அந்த ஈயம்தான். உங்கள் வண்டியில் எங்களுக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

எவ்வளவு மண் இருந்தால் இந்த ஆட்டம் வரும் என்று கேட்கலாம். 20 அங்குல டிஸ்க்கின் விளிம்பில் 300 கிராம் ஒரே இடத்தில் கூடுதலாக இருந்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் மூன்றரைக் கிலோ பலத்தோடு சக்கரத்தை இழுக்கும். 60-ல் எட்டுக் கிலோ, 80-ல் பதினான்கு கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. 40-ல் தெரியாதது 65-ல் கையை உலுக்குவது அதனால்தான். 80-ல் குறைவதற்குக் காரணம் வேறு. உங்கள் டயர் 65, 70 வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய ஆறு சுற்று சுற்றும். முன் அச்சும் ஸ்டியரிங் கம்பிகளும் இயல்பாக ஆடக்கூடிய கதி அதற்குப் பக்கத்தில் இருந்தால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிவிடுவது போல ஆட்டம் ஏறும். அந்த வேகத்தைத் தாண்டினால் தாளம் தப்பும். கையில் தெரியும் ஆட்டம் குறைகிறதே தவிர, பேரிங் வாங்கும் அடி குறைவதில்லை. 80-ல் விரட்டி ஓட்டிச் சமாளிப்பது தீர்வு இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றுங்கள். டயரை விளிம்பில் பிடித்து நிறுத்தும் பூட்டு வளையம் போட்ட டிஸ்க் என்றால் நட்டைத் தொடுவதற்கு முன்பே வால்வு பின்னைப் பிடுங்கிக் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். வளையம் தெறித்தால் உயிர் போய்விடும். உள்பக்க மண்ணைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, பழைய ஈயம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டிஸ்க் போய் உட்காரும் ஹப் முகத்தையும், நடு ஓட்டையைத் தாங்கும் விளிம்பையும் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். உப்புக்காற்றில் இந்த முகத்தில் துரு பொருக்காகப் பொங்கும். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் பொருக்கு இருந்தாலும் டயர் ஓரத்தில் அது மூன்று மில்லிமீட்டர் வரை கோணலாகக் காட்டும். துருவைத் தேய்த்த கையோடு அந்த முகத்தில் தடிமனாகப் பெயின்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பெயின்ட் நசுங்கிய பிறகு நட்டு தளரும்.

மெஷினுக்குப் போகும் முன் ஒன்றைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் டிஸ்க் விளிம்பை ஒட்டி மெல்லிய வரை ஒன்று சுற்றி ஓடும். விளிம்புக்கும் அந்த வரைக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் டயர் டிஸ்க்கில் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி உட்கார வைக்க வேண்டும். காற்று ஏற்றும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்கட்டும்.

சக்கரத்தை மாட்டிய பிறகு செங்கல் சோதனை. முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, டயரின் தரையில் படும் முகத்துக்கு எதிரே செங்கல் அடுக்கி அதன் மேல் சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேடான இடத்தில் மட்டும் கோடு விழும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எவ்வளவு ஈயம் வைத்தாலும் அந்தச் சக்கரம் குதிக்கும். சக்கரம் வட்டமாக இல்லாத குறையை எடை வைத்துச் சரிசெய்ய முடியாது. டயரை டிஸ்க்கில் அரைச்சுற்று திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். மேடு டயரோடு இடம் மாறினால் குறை டயரில். டிஸ்க்கிலேயே நின்றுவிட்டால் டிஸ்க் வளைந்திருக்கிறது, அல்லது ஹப்பில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. சோதனை முடிந்து டயரைக் கடைசியாகப் போடும்போது மஞ்சள் புள்ளி கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் டயரின் இலேசான பக்கம், வால்வுக்கு நேராக வர வேண்டும்.

அச்சு தூக்கியிருக்கும்போதே டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்றால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் முன்சக்கரம் திரும்பத் தாங்கும் கிங் பின். பக்கவாட்டில் பிடித்து அசைத்தால் டை ராடு எண்டின் (ஸ்டியரிங் கம்பி முனையின்) தேய்மானம் தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகு பேலன்சிங். சுத்தமான சக்கரத்துக்கே மெஷின் அரைக் கிலோ ஈயம் கேட்டால் வைக்காதீர்கள், டயரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நட்டுகளை எதிரும் புதிருமாக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசிச் சுற்றை டார்க் ஸ்பேனரில் கையேட்டு அளவுக்கு முடிக்க வேண்டும். ஏர் கன்னில் ஒரே மூச்சில் ஒரு நட்டை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் டிஸ்க் கோணலாகவே பூட்டிக்கொள்ளும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், அதாவது நீங்கள் பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தும்போது, மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

மணல் ஒட்டுவதைத் தடுக்க முடியாது. லோடு ஏற்றியதும் சக்கரங்களின் உள்பக்கம் தண்ணீர் அடியுங்கள். இங்கே ஒரு சங்கடம் உண்டு. நம் பக்கத்தில் பாதி போர்த் தண்ணீர் உவர். அது மண்ணைக் கரைக்கும், உப்பை விட்டுவிட்டுப் போகும். கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரை ஹப் மேலும், அச்சைத் தாங்கும் கமான் பட்டை மேலும் ஊற்றுங்கள். குடம் விற்கிற விலைக்கு மனசு வராதுதான், ஹப் சீல் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாயல்குடிப் பக்கமிருந்து கரிமூட்டை ஏற்றுகிறோம். ஸ்டியரிங் ஆடவே இல்லை. லோடோடு 45, 50-ல் ஆக்சிலேட்டர் மிதித்தால் சீட்டுக்கு அடியில் 'உம்ம்'னு ஒரு அதிர்வு. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பின்சக்கரத்தைப் பேலன்சிங் பண்ணச் சொல்கிறார்கள். (வாசகர், சாயல்குடி)

பின்சக்கரத்தை விட்டுவிடுங்கள். லாரிச் சக்கரம் 50 வேகத்தில் நொடிக்கு நாலைந்து முறைதான் சுற்றும். அதன் அதிர்வைத் தட்டித் தட்டி எண்ணிவிடலாம். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு இழுவையைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட் அதைப் போல ஆறு மடங்கு அளவில் சுற்றுகிறது, நொடிக்கு இருபத்தைந்துக்கு மேல். அதை எண்ண முடியாது, 'உம்ம்' என்ற ரீங்காரமாகத்தான் கேட்கும். உங்கள் எழுத்திலேயே பதில் இருக்கிறது.

இழுவை கொடுத்தால் வருவதும் காலை எடுத்தால் போவதும், ஷாஃப்ட்டின் மூட்டில் உள்ள கிராஸ் தேய்ந்ததற்கோ ஷாஃப்ட்டின் சாய்வு மாறியதற்கோ அடையாளம். லோடு இல்லாமல் ஓடும்போது அறவே இல்லை என்றால் சாய்வு. கமான் பட்டை தளர்ந்து ஹவுசிங் (பின் அச்சுக் கூடு) நிமிர்ந்திருக்கலாம், அல்லது பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட் லூசாகி ஹவுசிங் இழுவையில் முறுக்கிக்கொள்ளலாம். முதலில் யூ போல்ட்டை இறுக்கிப் பாருங்கள், செலவில்லாத வேலை.

அடுத்து, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை போட்டு, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகுங்கள். கிராஸில் 'டக்' என்று லேசாகத் தட்டினாலும் அது போய்விட்டது. தட்டவில்லை என்றால் கிரீஸ் அடியுங்கள். கிராஸின் நான்கு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்க வேண்டும். ஒரு கப்பில் மட்டும் வராமல், ஓரத்தில் செம்மண் மாதிரித் துருப்பொடி இருந்தால் அந்த ஊசி பேரிங் வறண்டு பள்ளம் விழுந்துவிட்டது. கிரீஸ் அடித்து அதை மீட்க முடியாது, கிராஸை மாற்றுங்கள். சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஷாஃப்ட்டைத் தூக்கினால் தொங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

ஷாஃப்ட்டைக் கழற்றும் முன், போல்ட் பூட்டும் தட்டான ஃபிளாஞ்சின் இரண்டு பக்கத்துக்கும், நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயின்ட்டின் இரண்டு துண்டுக்கும் சேர்த்துப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஸ்லிப் ஜாயின்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலும், புதுக் கிராஸ் போட்டும் அதிர்வு கூடத்தான் செய்யும். குழாயில் வெல்டிங் வைத்த சிறு தகடு இருக்கும், அதுதான் ஷாஃப்ட்டின் ஈயக்கட்டி. துரு சுரண்டும் உற்சாகத்தில் அதையும் பெயர்த்துவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஹவுசிங்கை ஜாக்கியில் தூக்கிக் கியர் போட்டு ஓடவிட்டு, கீழே படுத்துப் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. ஜாக்கி நழுவினால் வண்டி ஆள் மேல் ஏறிவிடும். செய்யாதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வேனை வீட்டுப் பக்கம் நிறுத்திவிட்டோம். ஜூன் 15 எடுத்தபோது நாலு சக்கரமும் தடதடவென்று அடித்தது. 10 கிலோமீட்டரில் கொஞ்சம் குறைந்தது. ஒரு சக்கரம் மட்டும் இன்னும் அடிக்கிறது. (வாசகர், பாம்பன்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஒரே இடத்தில் நின்ற டயர், தரையில் பட்ட இடத்தில் தட்டையாகிவிடும். நைலான் டயரில் இது அதிகம், இரும்பு ரேடியலில் குறைவு. டயர் சூடேறினால் பெரும்பாலும் சரியாகும். 30 கிலோமீட்டர் ஓடியும் போகாத சக்கரம்தான் கவனிக்க வேண்டியது. அதில் காற்று குறைந்து நின்றிருந்தால் உள்நூல் மடிந்து நிரந்தரமாகத் தட்டையாகியிருக்கும். செங்கல் சோதனையில் அது தெரியும். பக்கச்சுவரில் கையால் தடவினால் புடைப்பு தட்டுப்பட்டால் டயரை அன்றே கழற்றிவிடுங்கள்.

டயர் வட்டமாகவே இருந்தால் பிரேக் டிரம்மைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடி இரண்டு மாதம் நின்ற வண்டியில், லைனிங் ஒட்டிய இடத்தைத் தவிர டிரம்மின் மற்ற பக்கமெல்லாம் துருவேறும். சில வண்டிகளில் லைனிங் டிரம்மோடு ஒட்டியே போய்விடும். அந்தத் துருத்திட்டு சுற்றுக்கு ஒருமுறை உரசும்.

அடுத்த ஏப்ரலில் வண்டியை வெறும் வண்டியாக, காற்று முழு அளவில் ஏற்றி, சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போடாமல் கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். நிறுத்தும் முன் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து டிரம்மைக் காயவிடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரைச்சுற்று நகர்த்தினால் போதும். மணலில் நிறுத்தவே வேண்டாம், கீழிருந்து ஈரம் ஏறும்.

பிரேக் மிதித்தால் மட்டும் நடுக்கம். சும்மா ஓடும்போது ஒன்றுமில்லை. (வாசகர், தேவிபட்டினம்)

பேலன்சிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் டிரம், சீட்டில் தெரிந்தால் பின் டிரம். லேத்தில் கடைவதற்கு முன் டிரம்மில் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைப் படியுங்கள். கடைந்த பிறகு அதைத் தாண்டுமானால் டிரம்மை மாற்றுவதுதான் வழி. நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முறுக்கியதாலும் டிரம் நெளியும். அதனால் முதலில் நட்டுகளைத் தளர்த்தி, முறைப்படி இறுக்கி, ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

கமான் பட்டை புதுசாகக் கட்டினதிலிருந்து, பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் வெறிபிடித்த மாதிரி இடமும் வலமும் அடிக்குது. வண்டியை நிறுத்தினால்தான் அடங்குது. (வாசகர், கீழக்கரை)

இது நடுக்கம் இல்லை, 'ஷிம்மி' என்பார்கள். பட்டை கட்டிய பிறகுதான் வந்தது என்பதால், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இருந்த ஆப்புத் தகட்டைத் தேடுங்கள். பட்டறையில் கீழே விழுந்து கிடந்திருக்கும், அல்லது முன்பின் மாற்றி வைத்திருப்பார்கள். கிங் பின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக இழுத்து நிறுத்துகிறது. ஆப்பு தலைகீழானால் சாய்வு கெட்டு, பள்ளத்தில் பட்ட ஓர் அடியே ஆட்டத்தைத் தொடங்கி வைத்துவிடும். தகட்டின் தடித்த முனை எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை வண்டிக் கையேட்டில் பார்த்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வையுங்கள். அதோடு கிங் பின் தேய்மானம், ஷாக் அப்சார்பர் எண்ணெய்க் கசிவு, டை ராடு எண்டு மூன்றையும் பாருங்கள். அதுவரை லோடு ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் பிடிக்க வேண்டாம்.

டயருக்குள் பேலன்சிங் பவுடர் போட்டால் ஈயமே வேண்டாம் என்கிறார்களே? (வாசகர், தொண்டி)

உள்ளே உலர்ந்திருந்தால் அந்த மணிகளோ தூளோ வேலை செய்யும். நம் கடற்கரைக் காற்றில் அதுதான் சிக்கல். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்து விடாவிட்டால் காற்றோடு தண்ணீரும் டயருக்குள் போகும். தூள் கட்டிதட்டி ஒரே இடத்தில் உருண்டையாகிவிட்டால் நீங்களே உள்ளே ஓர் எடையைப் போட்ட கணக்கு. பஞ்சருக்கு ஊற்றும் திரவமும் அப்படித்தான். வண்டி நின்றால் அடியில் தேங்கி, கிளம்பிய முதல் சில கிலோமீட்டருக்கு ஆட்டம் காட்டும். டியூப் போட்ட டயரில் இந்தச் சரக்கு எதுவும் வேண்டாம். எங்கள் யோசனை, ஈயம்தான். கிளிப் உப்பில் அரித்துவிடுகிறது என்பது உண்மைதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள். டிஸ்க் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் துரு இல்லாத பளபளப்புத் திட்டு தெரிந்தால் அங்கிருந்த ஈயம் விழுந்துவிட்டது.

பின்பக்க ஜோடி டயர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 9.00-20-லும் அதற்கு மேற்பட்ட அளவிலும் ஜோடியின் இரண்டு டயருக்கும் விட்டத்தில் 12 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. 8.25-20-ம் அதற்குக் கீழும் 6 மில்லிமீட்டர். வித்தியாசம் இருந்தால் பெரிய டயர் வெளியே. புது டயரையும் ரீட்ரேட் செய்ததையும் அளக்காமல் ஜோடி சேர்ப்பதால்தான் பாதி பின்பக்க அதிர்வு வருகிறது. இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

பாம்பன் பாலத்தில் மட்டும் வண்டி ஒரே தாளத்தில் 'தட் தட்' என்று அடிக்கிறது. இறங்கினால் இல்லை. (வாசகர், இராமேசுவரம்)

பாலத்துத் தளத்தின் இணைப்புகள் மேல் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம் அது. வேகத்தைக் குறைத்தால் தாளமும் குறையும். வண்டியில் ஒன்றும் இல்லை. உயரக் கூண்டு கட்டிய வண்டி அங்கே பக்கவாட்டில் அசைந்தால் அது காற்று. மெதுவாகப் போங்கள்.